ஒழுகுதா, விழப்போகுதா?

கொஞ்சம் நீளமான பதிவு. மணி அடித்தாலும் நான் பாடத்தை நிறுத்த மாட்டேன் என்பது உங்களுக்குத் தெரியும். பொறுமையாகப் படியுங்கள். கடைசியில் ஒரு சின்ன வீட்டுப்பாடமும் உண்டு.

போன ஞாயிற்றுக்கிழமை காலை ஒரு பழைய மாணவன் போன் செய்தான். 1998-ல் என்னிடம் பத்தாம் வகுப்பு படித்தவன். இப்போது துறைமுகத்துக்கு கன்டெய்னர் லாரி ஓட்டுகிறான். வீடு நம்ம சடையங்குப்பத்திலேயேதான்.

"டீச்சர், வாட்ஸ்அப்ல ஒரு போட்டோ அனுப்பியிருக்கேன், பாருங்க. தளத்தை இடிச்சுட்டு புதுசா போடணுமா, இல்ல பூசி விட்டா போதுமா? மேஸ்திரி பூசினா போதும்ங்கறாரு. அப்பா கட்டின வீடு டீச்சர். இடிக்க மனசு வரல."

போட்டோவைப் பார்த்தேன். படுக்கையறையின் மேல்தளம். ஒரு முறம் அளவுக்குப் பூச்சு பெயர்ந்து விழுந்திருக்கிறது. உள்ளே நான்கு கம்பிகள், கருவாட்டு முள் மாதிரி வெளியே தெரிகின்றன. அதற்கு நேர் கீழே கட்டில். கட்டிலின் மேல் ஒரு பள்ளிக்கூடப் பை.

"முதல்ல அந்தக் கட்டிலை வேற ரூமுக்கு நகர்த்து. அப்புறம் பேசலாம்" என்றேன்.

அவன் ஏன் என்னைக் கேட்டான் என்றால், எங்கள் வீட்டுக் கூரைக் கதை ஊருக்கே தெரியும். தெரியாத வெளியூர் உறவுகளுக்காக இன்னொரு முறை சொல்கிறேன். சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஏனென்றால் அது என் முட்டாள்தனத்தின் கதை.

1989-ல் கட்டிய வீடு. அந்தக் காலத்தில் எங்கள் தெருவில் இரண்டே காங்கிரீட் வீடு, அதில் ஒன்று எங்களுடையது. என் மாமியார் கிரகப்பிரவேசத்துக்கு வந்தவர்களிடம் எல்லாம், "இனிமே ஓலை மாத்துற வேலை இல்லம்மா, நூறு வருஷம் நிக்கும்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். நாங்களும் நம்பினோம். ஓலைக்கூரை என்றால் இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும், அது எல்லோருக்கும் தெரியும். காங்கிரீட்டுக்கும் ஆயுள் உண்டு என்று யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

2009 வாக்கில் ஹாலின் மேல்தளத்தில் பழுப்பு நிறத்தில் ஒரு கோடு தெரிந்தது. மழைத் தண்ணீர் கறை என்று வெள்ளை அடித்தோம். மறுவருஷம் அதே இடத்தில் மறுபடியும் கோடு. மறுபடியும் வெள்ளை. பிறகு கோட்டின் மேலேயே ஒரு விரிசல் வந்தது. ஒரு மேஸ்திரி வந்து கொத்திவிட்டுப் பூசினார். மொட்டை மாடியில் ஏதோ ஒரு வாட்டர் புரூஃப் பூச்சும் அடித்தார். மூன்று வருஷம் கழித்து மறுபடியும் அதே வேலை. இரண்டு தடவையும் சேர்த்து அறுபதாயிரம் ரூபாய் ஆனது.

இதில் வேடிக்கை என்ன தெரியுமா? இந்த வருஷங்கள் எல்லாம் நான் வகுப்பில் "இரும்பு துருப்பிடித்தல்" பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். மூன்று சோதனைக்குழாய், மூன்று ஆணி. ஒன்றில் தண்ணீரும் காற்றும், ஒன்றில் காய்ச்சி ஆறவைத்த தண்ணீர் மேல் எண்ணெய், ஒன்றில் ஈரமில்லாத காற்று. உங்களில் பாதிப்பேர் அந்தப் பரிசோதனையைச் செய்தவர்கள்தான். பள்ளிக்கூடத்தில் ஆணி துருப்பிடிப்பதைக் காட்டிவிட்டு, வீட்டுக்கு வந்து துருப்பிடித்த கம்பிக்குக் கீழே படுத்துத் தூங்கியிருக்கிறேன்.

2015 டிசம்பர் வந்தது. வெள்ளம் என்றால் டிவியில் ஊர்ப் பெயர்களை வரிசையாகப் படிப்பார்கள் அல்லவா? புழல் உபரிநீர் திறந்தாலும் பட்டியலின் கடைசியில் சடையங்குப்பம் வரும். பூண்டி திறந்து கொசஸ்தலை ஆற்றில் தண்ணீர் வந்தாலும் பட்டியலில் நம் ஊர் வரும். எல்லா ஊரையும் தாண்டி எண்ணூர் கழிமுகத்துக்குப் போகும் தண்ணீர் நம் வாசலில் வந்துதான் இளைப்பாறும். அந்த வருஷம் இடுப்பளவுக்கு வந்தது. தெருவில் இருந்தவர்கள் எல்லாம் எங்கள் மொட்டை மாடிக்கு ஏறினார்கள். இருபத்தாறு பேர். இரண்டு ராத்திரி. ஒரு மூலையில் தார்ப்பாய் கட்டி, அதன் கீழே எல்லோரும் நெருங்கி உட்கார்ந்திருந்தோம். அரிசி மூட்டை, கேஸ் சிலிண்டர், தண்ணீர் டிரம் எல்லாம் அதே மூலையில்.

அந்த மூலைக்குக் கீழேதான் அந்தப் பழுப்புக் கோடு.

பிறகு ஒரு நாள் பேப்பரும் பேனாவும் எடுத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஆட்கள் ஏறிப் போகும் மொட்டை மாடியில் ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 150 கிலோ பாரம் வரும் என்று வைத்துக் கட்டச் சொல்கிறது இந்தியத் தர விதி. தார்ப்பாய் பத்தடிக்குப் பத்தடி. அதாவது ஒன்பது சதுர மீட்டருக்குக் கொஞ்சம் அதிகம். இருபத்தாறு பேர், சராசரி 55 கிலோ என்றாலும் 1,430 கிலோ. ஆட்களை வைத்தே 150-ஐத் தொட்டாயிற்று. மூட்டையும் டிரம்மும் தனி. நல்ல தளம் அதையும் தாங்கும், கட்டும்போதே கொஞ்சம் கூடுதல் பலம் வைத்துத்தான் கணக்கிடுவார்கள். ஆனால் கம்பி துருப்பிடித்துத் தேய்ந்த தளத்தில் அந்தக் கூடுதல் பலம்தான் முதலில் காணாமல் போகிறது. அன்று தளம் தாங்கியது. எங்கள் புத்திசாலித்தனத்தால் அல்ல.

2017 ஆவணியில் ஒரு மத்தியானம், ஹாலில் மூன்றடி அகலத்துக்கு மேல்தளம் பெயர்ந்து விழுந்தது. என் பேரன் அங்கேதான் தினமும் பாய் விரித்துப் படுப்பான். அன்று அவனுக்குப் பிறந்தநாள் சட்டை எடுக்கக் கடைக்குப் போயிருந்தோம். திரும்பி வந்து பார்த்தால் பாயின் மேல் ஒரு கூடை காங்கிரீட்.

அதற்குப் பிறகுதான் ஒரு பொறியாளரை அழைத்து வந்தோம். அவர் மேலே ஏறவே இல்லை. ஒரு நீளமான மூங்கில் கழியை எடுத்து மேல்தளத்தை இடம் இடமாகத் தட்டினார். நல்ல இடத்தில் "ணங்" என்று கல்லைத் தட்டுவது போலக் கேட்டது. கெட்ட இடத்தில் "டொப் டொப்" என்று, பழுத்த பலாப்பழத்தைத் தட்டுவது போல. முக்கால்வாசித் தளம் பலாப்பழம்தான். பிறகு கம்பியைச் சுரண்டி அளந்தார். எட்டு மில்லி கம்பி ஆறு மில்லியாக இருந்தது.

"ரெண்டு மில்லிதானே சார்" என்றார் என் வீட்டுக்காரர்.

கணக்கு தெரிந்தவர்கள் யோசியுங்கள். கம்பியின் பலம் அதன் குறுக்குப் பரப்பில் இருக்கிறது. எட்டெட்டு 64. ஆறாறு 36. பார்வைக்குக் கால்வாசி தேய்ந்த கம்பி, பலத்தில் கிட்டத்தட்ட பாதியை இழந்துவிட்டது.

2018 தை, மாசியில் தளத்தை இடித்துப் புதிதாகப் போட்டோம். என் ஓய்வூதியப் பணத்தில் பெரும்பகுதி போனது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் வந்தபோது மறுபடியும் தெருவே எங்கள் மாடியில். அந்த முறை தண்ணீரோடு கச்சா எண்ணெயும் கலந்து வந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். சுவரில் அந்தக் கறுப்புக் கோடு இன்னும் சில வீடுகளில் இருக்கிறது. ஆனால் அன்று ராத்திரி மாடியில் உட்கார்ந்திருந்தபோது எனக்கு ஒரு பயம் மட்டும் இல்லை. கீழே என்ன வேண்டுமானாலும் வரட்டும், இந்தத் தளம் நிற்கும் என்று தெரிந்திருந்தது.

இதனால்தான் சொல்கிறேன். நம் ஊரில் கூரை என்பது வெறும் வெயிலுக்கும் மழைக்கும் மறைப்பு இல்லை. வெள்ளம் வந்தால் அதுதான் நமக்குப் படகு. மழைக்காலத்துக்கு முன்னால் எல்லோரும் கீழே பார்க்கிறோம். கால்வாய் தூர் வாரினார்களா, மோட்டார் இருக்கிறதா, வாசல்படியை உயர்த்தலாமா என்று. மேலே பார்ப்பவர் யாரும் இல்லை.

சரி, எப்போது மாற்ற வேண்டும் என்று எப்படித் தெரிந்துகொள்வது? எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். ஒழுகுவது வேறு, விழப்போவது வேறு. ஒழுகினால் எல்லோரும் பதறுகிறோம். உண்மையில் பெரும்பாலான ஒழுகலைச் சரிசெய்துவிடலாம். மாடியில் தண்ணீர் தேங்குகிறதா, வடிகுழாய் அடைத்திருக்கிறதா, தட்டோடுகளுக்கு நடுவே இடைவெளி விழுந்திருக்கிறதா, கைப்பிடிச் சுவரும் தளமும் சேரும் மூலையில் விரிசலா, அங்கே அரசங்கன்று முளைத்திருக்கிறதா என்று பார்த்தால் பாதி விஷயம் முடிந்துவிடும். ஆனால் ஒரு சொட்டுக்கூட ஒழுகாத தளம் விழலாம். ஏனென்றால் நம் கடலோரத்தில் கூரையைக் கொல்வது மழை மட்டும் இல்லை, உப்பும்தான்.

காங்கிரீட் ஒரு காரப் பொருள். அந்தக் காரத்தன்மை இருக்கும்வரை உள்ளே இருக்கும் கம்பிக்கு ஒரு மெல்லிய கவசம் இருக்கும். காற்றில் உள்ள கார்பன் டை ஆக்சைடு வருஷக்கணக்கில் உள்ளே போய் அந்தக் காரத்தைக் குறைக்கிறது. உப்பில் உள்ள குளோரைடு இன்னும் மோசம். நேரே போய்க் கவசத்தைத் துளைக்கிறது. கம்பி துருப்பிடித்தால் அந்தத் துரு இரும்பைவிட இரண்டு மடங்கு முதல் ஆறு மடங்குவரை இடம் கேட்கும். இடம் இல்லாததால் காங்கிரீட்டைப் பிளந்துகொண்டு வெளியே வருகிறது. நாம் பார்க்கும் விரிசல் அதுதான்.

நம் பக்கத்து வீடுகளில் இந்த வியாதி சீக்கிரம் வருவதற்குக் காரணம் உண்டு. கடல்காற்று ஒன்று. அந்தக் காலத்தில் உப்பேறிய போர் தண்ணீரிலேயே காங்கிரீட் கலக்கினோம், அது இரண்டாவது. மூன்றாவது, கம்பிக்கும் வெளிக்காற்றுக்கும் நடுவே இருக்க வேண்டிய காங்கிரீட் கனம். உள்நாட்டில் சாதாரண இடத்தில் இருக்கும் தளத்துக்கு 20 மில்லி போதும் என்று சொல்லும் தர விதி, கடலோரக் காற்று நேரே படும் இடத்துக்கு 45 மில்லி கேட்கிறது. எங்கள் பழைய தளத்தில் கம்பிக்குக் கீழே விரல் கனம்கூட இல்லை.

ஆகவே காங்கிரீட் வீட்டுக்காரர்கள் பார்க்க வேண்டியவை:

1. மேல்தளத்தில் நேர்கோடாகப் பழுப்புக் கறை, அல்லது கம்பி போகும் திசையிலேயே நீளமான விரிசல். இது தண்ணீர்க் கறை இல்லை, துரு. வெள்ளை அடித்து மறைக்காதீர்கள்.

2. தட்டினால் "டொப்" என்ற சத்தம். ஒரு இடத்தில் மட்டும் என்றால் பழுது பார்க்கலாம். பாதிக்கு மேல் என்றால் பூச்சு வேலைக்குக் காசு கொடுக்காதீர்கள்.

3. ஃபேன் கொக்கியைச் சுற்றி விரிசல். ஃபேனைக் கழற்றிவிட்டுத்தான் அடுத்த வேலை.

4. தளம் நடுவில் தொய்ந்திருப்பது. சுவருக்குச் சுவர் ஒரு நூல் பிடித்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

5. நேற்றுவரை சுலபமாகத் திறந்த கதவு இன்று இறுகுகிறது, சுவரில் மூலைக்கு மூலை சாய்ந்த விரிசல் புதிதாக வருகிறது என்றால், வியாதி கூரையில் மட்டும் இல்லை. அன்றே வெளியே படுங்கள்.

6. சந்தேகமான விரிசலின் இரண்டு முனையிலும் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதுங்கள். ஒரு மாதம் கழித்துப் பாருங்கள். கோட்டைத் தாண்டியிருந்தால் அது உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம்.

கம்பி வெளியே தெரிந்துவிட்டால் மேஸ்திரி போதாது, பொறியாளர் வேண்டும். சுரண்டி அளந்துதான் சொல்ல முடியும். கம்பி நன்றாக இருந்தால், துருவைச் சுத்தமாக எடுத்து, அதற்கான பூச்சு கொடுத்து, பழுது பார்க்கலாம். கம்பி தேய்ந்துவிட்டால் மேலே எத்தனை லேயர் சிமெண்ட் பூசினாலும் அது பாரம்தான், பலம் இல்லை.

ஷீட் வீடுகள். நம் பக்கத்தில் இதுதான் அதிகம். 2016 டிசம்பர் 12-ல் வர்தா அடித்தபோது ஷீட்டுகள் அப்பளம் மாதிரி பறந்ததைப் பார்த்தோம். எங்கள் பின்கட்டு ஷீட்டும் போனது. உடைந்து போனவை குறைவு, போல்ட் பிடுங்கிக்கொண்டு போனவைதான் அதிகம். அதனால் ஷீட்டைப் பார்ப்பதற்கு முன்னால் அதைப் பிடித்திருக்கும் போல்டையும் கீழே இருக்கும் இரும்புக் குழாயையும் பாருங்கள். போல்ட் தலை துருவி உதிர்ந்தால் அதை மட்டும் மாற்றலாம், சின்னச் செலவு. பழைய ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டில் அடிப்பக்கம் மாவு மாதிரி உதிர்ந்தாலோ, ஓரங்கள் பொரிந்து நார் தெரிந்தாலோ, அதன் காலம் முடிந்தது. எல்லா வகைக் கல்நாரும் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. எனவே அதைக் கழற்றும்போது உடைக்காதீர்கள், அறுக்காதீர்கள், காய்ந்தபடி பெருக்காதீர்கள். தண்ணீர் தெளித்து நனைத்து, முழுசாக இறக்குங்கள். முகத்துக்கு நல்ல மாஸ்க் போடுங்கள். குழந்தைகளை அந்தப் பக்கம் விடாதீர்கள். இன்னொன்று, பழைய ஷீட்டின் மேல் கால் வைத்து ஏறாதீர்கள். பந்து எடுக்க ஏறி உடைந்து விழுந்த பிள்ளைகளை ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்திருக்கிறேன்.

ராயபுரம், தண்டையார்பேட்டைப் பக்கம் பூர்வீக வீட்டில் இருக்கும் உறவுகளுக்கு. உங்கள் வீடுகளில் சில மெட்ராஸ் டெரஸ். தேக்கு உத்திரத்தின் மேல் சின்னச் செங்கல்லைச் செங்குத்தாக அடுக்கி, சுண்ணாம்பும் செங்கல் ஜல்லியும் போட்டு, மேலே தட்டோடு பதித்தது. அதில் செங்கல் சீக்கிரம் கெடாது. உத்திரம் சுவருக்குள் நுழையும் முனைதான் ஓதத்தில் மக்கும். அந்த முனையில் ஒரு ஸ்குரூ டிரைவரை வைத்து அழுத்துங்கள். வெண்ணெயில் கத்தி இறங்குவது போல இறங்கினால் உத்திரத்தை மாற்ற வேண்டும். ஓட்டு வீடு என்றால் தெருவில் நின்று முகட்டைப் பாருங்கள். முகட்டுக் கோடு குதிரை முதுகு மாதிரி வளைந்திருந்தால், ஓடு நன்றாக இருந்தாலும் கீழே மரம் போய்விட்டது. இந்த வீடுகளில் பெரிய பிரச்சினை மரம்கூட இல்லை, பங்காளிகள். நாலு பேர் பங்கு, நாலு பேரும் காசு போட மாட்டார்கள், கேஸ் கோர்ட்டில் இருக்கிறது. தீர்ப்பு வரும்வரை கூரை காத்திருக்காது என்பதை மட்டும் சொல்லிக்கொள்கிறேன். யார் மேல் கோபப்பட்டாலும் பரவாயில்லை.

இனி என் மனதில் இருப்பதைச் சொல்லிவிடுகிறேன். கூரை கெட்டுவிட்டது என்று பெரும்பாலும் நமக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்துதான் தள்ளிப்போடுகிறோம்.

2004 ஜூலை 16-ஐ நினைத்துப் பாருங்கள். கும்பகோணத்தில் ஒரு பள்ளியில் 94 குழந்தைகள் தீயில் கருகினார்கள். ஓலைக்கூரை தீப்பிடிக்கும் என்று அதற்கு முன்னால் யாருக்குத் தெரியாது? அதற்குப் பிறகுதான் தமிழ்நாடு முழுக்கப் பள்ளிகளில் கீற்றுக் கொட்டகைகளைப் பிரித்தார்கள். நான் வேலை பார்த்த பள்ளியிலும் ஒரு கொட்டகை இருந்தது. அதில் ஆறாம் வகுப்புக்குப் பாடம் எடுத்தவள் நான். ஒரு நாளும் மேலே பார்த்து எனக்குப் பயம் வந்ததில்லை. அந்தச் செய்தி வந்த மறுநாள் அந்தக் கொட்டகைக்குள் நுழைய எனக்குக் கால் வரவில்லை. கூரை மாறவில்லை, ஒரே ராத்திரியில் நான்தான் மாறியிருந்தேன்.

2021 டிசம்பர் 17-ல் திருநெல்வேலியில் ஒரு பள்ளிக் கழிப்பறைச் சுவர் விழுந்து மூன்று மாணவர்கள் இறந்தார்கள். அதற்குப் பிறகு மாநிலம் முழுக்கப் பள்ளிக் கட்டடங்களைச் சோதித்தார்கள், பழையவற்றை இடித்தார்கள். சரியாகப் பத்து நாள் கழித்து, டிசம்பர் 27-ல், நம் திருவொற்றியூர் அரிவாக்குளத்தில் குடிசை மாற்று வாரியக் குடியிருப்பின் ஒரு பிளாக் இடிந்து தரைமட்டமானது. 24 வீடுகள். கட்டி முப்பது வருஷம்கூட நிறையாத கட்டடம். ஆனால் ஒரு உயிர்கூடப் போகவில்லை. ஏன்? விரிசல் விட்டதைக் குடியிருந்தவர்கள் கவனித்தார்கள். ஒருவரை ஒருவர் எச்சரித்தார்கள். சாமானைப் பார்க்காமல் வெளியே வந்தார்கள். பீரோ போனது, டிவி போனது, பிள்ளைகளின் புத்தகம் போனது. ஆள் பிழைத்தார்கள்.

அதற்குப் பொறியியல் படித்திருக்க வேண்டியதில்லை. மேலே பார்த்தார்கள், பார்த்ததை நம்பினார்கள். அவ்வளவுதான். நானும் 2009-ல் அந்தக் கோட்டைப் பார்த்தேன். ஆனால் நம்பவில்லை. நம்பினால் செலவு வரும் என்று பயம்.

செலவு பெரிய விஷயம்தான், இல்லை என்று சொல்ல மாட்டேன். பட்டா கைக்கு வராத வீட்டுக்கு லட்சக்கணக்கில் கொட்டி யார் தளம் போடுவார்கள் என்று சிலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. வாடகைக்கு இருப்பவர்கள், "நான் சொன்னா காலி பண்ணச் சொல்லிடுவாங்க டீச்சர்" என்கிறார்கள். அதுவும் உண்மை. ஆனால் 2017-ல் கொண்டுவந்த வாடகைச் சட்டத்தில், குடியிருப்பவர் சேதப்படுத்தினால் ஒழிய, கட்டமைப்புப் பழுதைச் சரிசெய்வது வீட்டு உரிமையாளர் பொறுப்பு என்று எழுதியிருக்கிறது. என் மாணவர்களில் வீட்டை வாடகைக்கு விட்டிருப்பவர்கள் நிறையப் பேர். உங்களிடம் உரிமையோடு சொல்கிறேன். நீங்கள் வாடகை வாங்கும் வீட்டின் மேல்தளத்தைக் கடைசியாக எப்போது பார்த்தீர்கள்? மேலே இன்னொரு மாடி கட்டி வாடகைக்கு விடலாம் என்று நினைப்பதற்கு முன்னால், கீழே இருக்கும் தளத்தையும் அஸ்திவாரத்தையும் ஒரு பொறியாளரிடம் காட்டினீர்களா? ஆயிரம் லிட்டர் டேங்க் நிரம்பினால் ஒரு டன். அதைத் தளத்தின் நடுவில் வைக்கச் சொன்னது யார்?

மாநகராட்சிக்கும் ஒரு வேண்டுகோள். மழைக்கு முன்னால் கால்வாய் எத்தனை கிலோமீட்டர் தூர் வாரினோம் என்று கணக்குச் சொல்கிறீர்கள். வெள்ள எச்சரிக்கைப் பட்டியலில் எப்போதும் வரும் ஊர்களில், சனங்கள் ஏறி நிற்கப்போகும் மாடிகள் எத்தனை பத்திரமானவை என்ற கணக்கையும் எடுங்கள். வார்டுக்கு ஒரு பொறியாளர், ஒரு மூங்கில் கழி, ஒரு மாதம். அதிகம் கேட்கவில்லை.

அரசு செய்யும்வரை நாம் சும்மா இருக்க வேண்டியதில்லை. நம் பிள்ளைகளில் சிவில் படித்தவர்கள் பத்துப் பதினைந்து பேராவது இருப்பீர்கள். துபாயில், பெங்களூரில் இருப்பவர்கள் போட்டோ பார்த்து வழி சொல்லலாம். சென்னையில் இருப்பவர்கள் ஆடி, ஆவணியில் இரண்டு ஞாயிற்றுக்கிழமை கொடுங்கள். சாப்பாடு என் வீட்டில்.

மாற்றுவது என்று முடிவு செய்தவர்களுக்கு இன்னும் இரண்டு வார்த்தை. சாலை போட்டுப் போட்டு உயர்ந்து நம் வீடுகள் எல்லாம் பள்ளத்தில் இருக்கின்றன. எப்படியும் ஒரு நாள் தரையை உயர்த்தியே ஆக வேண்டும். தரையை மூன்றடி உயர்த்திவிட்டுப் பழைய தளத்தை அப்படியே வைத்தால் ஃபேன் தலையில் இடிக்கும். அதனால் தளத்தை மாற்றும்போதே தரை உயரத்தையும் சேர்த்து யோசியுங்கள், சுவர் அதற்குத் தாங்குமா என்றும் கேளுங்கள். இரண்டாவது, ஐப்பசியில் தளத்தைப் பிரிக்காதீர்கள். தை முதல் பங்குனிக்குள் முடியுங்கள். இந்த முறையாவது நல்ல தண்ணீரில் காங்கிரீட் கலக்குங்கள்.

அந்த லாரிக்கார மாணவன் கதைக்கு வருகிறேன். சிவில் படித்த என் அண்ணன் மகனை வியாழக்கிழமை அனுப்பிவைத்தேன். தட்டிப் பார்த்தான், சுரண்டி அளந்தான். ஹால் தளம் பழுது பார்த்தால் போதும். படுக்கையறைத் தளம் மாற்றியே தீர வேண்டும். சுவரும் அஸ்திவாரமும் நன்றாக இருக்கின்றன. அவன் பெரிய பெண்ணுக்கு இந்த வருஷம் காலேஜ். கையில் பணம் இல்லை. தை மாதம் இடிப்பதாக முடிவு. அதுவரை அந்த அறைக்குப் பூட்டு, உள்ளே இரும்பு முட்டு. டேங்கைக் கீழே இறக்கியாயிற்று. வெள்ளம் வந்தால் அவர்கள் மாடிக்கு யாரும் ஏறக் கூடாது, பக்கத்து வீட்டு மாடிக்குப் போவதாகப் பேசிவைத்திருக்கிறார்கள்.

ராத்திரி போன் பண்ணினான். "டீச்சர், அப்பா இருந்திருந்தா என்ன சொல்லியிருப்பாரு?"

"அப்பா கட்டினது பேத்தி படுத்துத் தூங்கத்தானே" என்றேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "சரி டீச்சர்" என்றான்.

இப்போது வீட்டுப்பாடம். இதைப் படித்து முடித்ததும் போனைக் கீழே வைத்துவிட்டு, ஒரு கழியை எடுத்து, நீங்கள் படுக்கும் இடத்துக்கு நேர் மேலே ஒரு முறை தட்டிப் பாருங்கள். பெற்றோர் ஊரில் தனியாக இருந்தால், அடுத்த முறை போகும்போது அவர்கள் கட்டிலுக்கு மேலேயும். "ணங்" என்றால் நிம்மதியாகத் தூங்குங்கள். "டொப்" என்றால் முதலில் கட்டிலை நகர்த்துங்கள். பிறகு கமெண்டில் எழுதுங்கள், பேசலாம்.

அன்புடன்,
உங்கள் சயின்ஸ் டீச்சர்
சடையங்குப்பம்